பதியம் போட்ட நாக்கு

எங்கள் சீனியர் ஆவுடையப்பன் குறுக்கு விசாரணைக்கு எழுந்தாரென்றால், பாளையங்கோட்டைக் கோர்ட்டில் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். கரிசனம் ஒன்றும் இல்லை. முன்பு ஒருவர் கூண்டிலேயே மயங்கி விழுந்து, அன்றைய வேலை கெட்டுப்போயிருந்தது.

சட்டம் அவர் பெரிதாகப் படித்ததில்லை. நாக்குதான் அவருடைய சொத்து. "ஆமா, இல்லை. ரெண்டுல ஒண்ணு. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்" என்று ஆரம்பிப்பார். சாட்சி தலையை ஆட்டினால் விடமாட்டார். "தலையாட்டுதது ரெக்கார்டுல ஏறாது. வாயால சொல்லணும்." சாட்சி, "அது வந்து ஐயா..." என்று இழுத்தால் நீதிபதி பக்கம் திரும்புவார். "ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. அப்ப இவர்கிட்ட பதில் இல்லைன்னு எழுதிக்கிடலாம்." எழுதிக்கொள்வார்கள். அப்படி எழுதப்பட்டதால் நிலத்தை இழந்தவர்கள் திருநெல்வேலிச் சீமையில் நிறையப் பேர்.

நான் ஜெசிந்தா, அவருடைய ஜூனியர். என்னோடு படித்தவர்கள் சொந்தமாக ஜூனியர் வைத்துக்கொண்ட பிறகும் நான் அவர் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்துகொண்டிருந்தேன். அவர் வீட்டின் முன்னறைதான் எங்கள் ஆபீஸ். ஒரு திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அடுக்களை. அதனால் கோர்ட்டில் கேட்டது போதாதென்று வீட்டிலும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் மனைவி உலகம்மாள் அக்கா. அக்காவின் அம்மா கடையநல்லூரில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது நடந்தது எனக்கு மறக்காது. நான் ஒரு மனுவை வாசித்துக்கொண்டிருந்தேன். அக்கா திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மாவுக்கு ரொம்ப முடியலயாம். தம்பி போன் போட்டான்."

"ஊருக்குப் போகணுமா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லு."

"நீங்க சொன்னா சரி."

"ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. அப்ப போகவேண்டாம். ஜெசிந்தா, நீ வாசி."

நான் வாசித்தேன். மறுநாள் அக்கா போய்ப் பார்த்தது ஐஸ் பெட்டியைத்தான்.

அக்கா அவர் பெயரைச் சொன்னதே கிடையாது. இந்தக் காலத்திலும் இப்படி ஒருத்தியா என்று கேட்காதீர்கள், இருந்தாள். பெயர் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று மாமியார் கல்யாணத்தன்றே சொல்லி வைத்திருந்தார். வங்கியில் "வீட்டுக்காரர் பேர்?" என்று கேட்டால் என்னைப் பார்ப்பாள், நான் சொல்லுவேன். நான் இல்லாவிட்டால் விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டுவாள். மற்றபடி எல்லாவற்றுக்கும் "அவுக".

அப்படிப்பட்ட மனிதருக்கு நாக்கு போனது கோர்ட்டிலேயே நடந்தது. கூண்டில் ஒரு செங்கல் சூளைக்காரர். "நீர் சொல்லுதது..." என்று ஆரம்பித்த வாக்கியம் பாதியில் நின்றது. பிறகு "தொ" என்றார். "தொ, தொ." இதுவும் ஏதோ புது உத்தி என்று எல்லோரும் காத்திருந்தோம். நீதிபதி காத்திருந்தார். சூளைக்காரர் பயந்துபோய், "ஐயா, ஆமா" என்றார். அதற்குப் பிறகுதான் சீனியர் வலப்பக்கமாகச் சரிந்தார்.

பக்கவாதம். கால் தேறிவிட்டது, கையும் பாதி தேறியது. பேச்சு வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரியும். கோபம் வரும், அழுகை வரும். வாயைத் திறந்தால் "தொ". எழுதவும் வரவில்லை. கூண்டில் ஏறியவர்களையெல்லாம் நடுங்க வைத்த மனிதர் தண்ணீர் வேண்டுமென்று கேட்க "தொ தொ" என்று மேஜையில் அடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்ததா என்றால், இல்லை. நிம்மதியாக இருந்தது.

புறவழிச்சாலை ஆஸ்பத்திரியில் டாக்டர் நிவேதன் என்று ஒருவர் புதிதாக வந்திருந்தார். சென்னைப் பையன், வெளிநாட்டுப் படிப்பு. அவர் செய்த சிகிச்சைக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. எங்கள் ஊரில் அதைப் பதியம் என்றார்கள். பூச்செடிக்குப் போடுவதுபோல மூளைக்குப் போடுவது. ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து மகன் வந்து இறங்கியதும் டாக்டர் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"அவர் மூளையில பேச்சு இருந்த இடமே செத்துப்போச்சு. அது இனிமே வராது. இன்னொருத்தர் மூளையில பேச்சு எப்படி ஓடுதுன்னு பிரதி எடுத்து, இவரோட மறுபக்கத்துல ஒரு வலை மாதிரி வச்சுப் பதியணும்."

"அவரே பேசின ரெக்கார்டிங் நெறைய இருக்கு டாக்டர்" என்றேன்.

"அது வெறும் சத்தம் மேடம். சத்தத்துல வேர் கிடையாது. உயிரோட இருக்கிற ஆள் வேணும். அதுவும் ஒரே வீட்டுல ரொம்ப வருஷம் புழங்கின பேச்சுன்னாதான் ஒட்டும். மனைவிதான் பெஸ்ட். அவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தலையில தொப்பி மாதிரி ஒண்ணு மாட்டிட்டு உட்கார்ந்தாப் போதும். அப்புறம் மாசாமாசம் வந்து உட்காரணும். தண்ணி ஊத்தலைன்னா காஞ்சிடும், பாருங்க, அது மாதிரி."

அக்கா மெதுவாகக் கேட்டாள்: "மனசுக்குள்ள பேசுததும் போயிருமா தம்பி?"

"நினைப்பெல்லாம் போகாதும்மா. பேச்சு மட்டும்தான்."

"வெளிய சொல்லாத பேச்சு?"

டாக்டர் சிரித்தார். "சொல்லாததுக்குப் பேர் பேச்சாம்மா?"

மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "அம்மா, உனக்கு ஓகேதானே?"

"நீங்க சொன்னா சரி" என்றாள் அக்கா. சீனியராக இருந்தால் அதைப் பதில் இல்லை என்று எழுதியிருப்பார். டாக்டர் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்.

பதியம் பிடித்தது. ஒரு காலையில் ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்து அவர், "சாப்ட்டீயளா?" என்றார். வார்டே கூடிவிட்டது. மகன் வீடியோ எடுத்தான். அவர் மட்டும் கண்ணை உருட்டிக்கொண்டு பயந்துபோய்க் கிடந்தார். யாரைப் பார்த்தும் சாப்பிட்டீர்களா என்று அவர் வாழ்க்கையில் கேட்டதில்லை.

ஆபீஸுக்கு வந்த முதல் நாள் குமாஸ்தா ஒரு கேஸ் கட்டைத் தொலைத்துவிட்டார். சீனியர் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கை ஓங்கியது. வாய் சொன்னது: "பரவால்ல, இருக்கட்டும். அவசரமே இல்ல, மெதுவாத் தேடுங்க." குமாஸ்தா அழுதுவிட்டார். நான் பின்கட்டுக்கு ஓடிப்போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். "சிரிச்சுக்கோங்க, நல்லாச் சிரிங்க" என்றார் அன்பாக. கண் மட்டும் பழைய கண். நான் சிரிப்பை விழுங்கிவிட்டுக் கட்டைத் தேடப் போனேன்.

பெயர் விஷயம் தெரியவந்தது பரிசோதனையில்.

"உங்க பேர் சொல்லுங்க சார்."

"அவுக."

"உங்க பேர்?"

"அவுக. எங்க வீட்ல அவுக."

டாக்டர் திருப்பித் திருப்பிக் கேட்டார். கருவியைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் நான்தான் சொன்னேன்: "டாக்டர், அந்தச் சொல்லு அக்காகிட்டயே கிடையாது. அவங்க அவர் பேரைச் சொல்ல மாட்டாங்க."

"ஒருதடவைகூடவா?"

"ஒருதடவைகூட."

"இதை யாருமே எங்கிட்ட சொல்லலையே!"

"நீங்க கேக்கலையே."

டாக்டரின் மனைவி அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாளாம், கோபம் வந்தால் டேய் என்பாளாம். சந்தோஷமாகச் சொன்னார். பரவாயில்லை, தேவைப்பட்டால் அக்காவைச் சொல்லவைத்துப் பதிந்துகொள்ளலாம் என்றார்.

தேவை வந்தது. பதியம் போட்டவர்களை என்ன செய்வது என்று அப்போது நாடே குழம்பிக்கொண்டிருந்தது. பேசுகிறவன் ஒருவன், பேச்சு இன்னொருவருடையது என்றால் அவன் கொடுக்கும் வாக்கு யாருடையது? பத்திரம் பதியப்போனவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு ஊரில் அண்ணனிடமிருந்து பதியம் வாங்கிய தம்பி, அண்ணனுக்கே சொத்தை எழுதிவைத்துவிட்டான் என்று வழக்கு. வக்கீல்களுக்கு மட்டும் ஒரு தகுதிக் குழு போட்டார்கள். அதன் முன்னால் நின்று, தன் வாயால் தன் பெயரைச் சொல்லி உறுதிமொழி எடுத்து, கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னால் மறுபடி கறுப்புக் கோட்டு. இல்லாவிட்டால் இல்லை. சீனியருக்கு அந்தக் கோட்டைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

ஆனால் அக்காவின் பணிவான பேச்சை வைத்துக்கொண்டு எந்தச் சாட்சியை மிரட்டுவது? என்னைச் சாட்சியாக உட்கார வைத்து முன்னறையில் ஒத்திகை பார்த்தார். நாள் கணக்கில் "கோவிச்சுக்கிடாதீய, அந்த நிலம் உங்களதுதானா?" என்றே வந்தது. ஒருநாள் நான் வேண்டுமென்றே சாட்சிபோலக் கத்தினேன். "என் நிலம்தான்! என் நிலம்தான்!"

அவர் மேஜையைத் தட்டினார். "கத்துனா உண்மை ஆயிருமா? அப்படின்னா கோயில் யானை பிளிறுதது எல்லாம் சத்தியமா?"

நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அவரே தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு அருவி மாதிரி வந்தது. "நீங்க பேசி முடிங்க, அரிசியில கல்லு பொறுக்குத மாதிரி அதுல உண்மையைப் பொறுக்கிக்கிடுதேன்." "ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லுத வாய்க்கு வீட்ல என்ன, லீவா?" பழைய ஆவுடையப்பன் வெட்டரிவாள் என்றால் இது ஊசி. இவ்வளவு நயமாக அவர் ஒருநாளும் பேசியதில்லை. திரைச்சீலை அசைந்தது. அக்கா கரண்டியும் கையுமாக நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

அவர் தூங்கப் போன பிறகு அடுக்களைக்குப் போனேன்.

"என்னக்கா?"

"அது என்னோடது."

"எது?"

"யானை. கொழுந்தன் கல்யாணத்தன்னைக்கு எல்லார் முன்னாலயும் என்னைக் கத்துனாகள்லா, அப்ப மனசுக்குள்ள சொன்னேன். அரிசி, கல்லு, அதுவும் என்னோடதுதான். கல்லு பொறுக்கிக்கிட்டே நெனச்சது."

"டாக்டர் நினைப்பு வராதுன்னாரே."

"நினைப்பு இல்லளா இது. வார்த்தை வார்த்தையாப் பேசுனது. ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லியிருக்கேன், வாயைத் தொறக்காம. இன்னும் என்னெல்லாம் கெடக்கோ உள்ள."

டாக்டரிடம் போனில் கேட்டேன். மேல் வேர் முதலில் பிடிக்கும், ஆழத்தில் இருப்பது நாளாக நாளாக ஏறி வரும், கோபத்தில் சீக்கிரம் வரும் என்றார். "நல்ல விஷயம்தானே மேடம்?" என்றும் கேட்டார்.

சீனியருக்கு ஒரே குஷி. நோய் வந்து தன் நாக்கைத் தீட்டிவிட்டுப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். எங்கிருந்து வருகிறது என்று அவர் யோசிக்கவே இல்லை. அக்காவிடம் இப்படி ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தோன்றினால்தானே. சாம்பாரில் உப்பு கூடினால் அக்காவையே அந்த ஊசியால் குத்தினார். முப்பது வருஷத்துக்கு மேலாக அவரைப் பார்த்து அவள் மனதுக்குள் சொன்னதெல்லாம் அவர் வாயால் அவளுக்கே திரும்பி வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு பரிமாறினாள்.

குழு கூடும் நாள் நெருங்கியதும் டாக்டர் பெயருக்காக அக்காவை வரச் சொன்னார். அவள் மறுத்தாள். நான் பார்த்து அவள் எதையும் மறுத்தது அதுதான் முதல் தடவை.

"வேண்டாம் தம்பி. அவுக பேரை எங்கிட்டருந்து எடுக்காதீங்க. வேற ஏதாவது வந்துரும்."

"அதெல்லாம் ஒண்ணும் வராதும்மா. வெட்கப்படாதீங்க." நர்ஸுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். புருஷன் பெயர் சொல்ல வெட்கப்படும் பெண்ணை அவர்கள் டி.வி.யில்கூடப் பார்த்ததில்லை.

சீனியர் பக்கத்தில் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "கொஞ்சம் சிரமம் பாக்காம சொல்லிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றார். அத்தனையும் அக்காவின் பணிவு. பிடி அவருடையது. மணிக்கட்டு வெளுத்து, வளையல் ஒன்று நசுங்கியது. டாக்டர் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னா சரி" என்றாள்.

தொப்பியை மாட்டி, எதிரே திரையில் அவர் படத்தைப் போட்டார்கள். கறுப்புக் கோட்டுடன், முறைத்துக்கொண்டிருக்கும் படம். படம் வரும்போதெல்லாம் பெயர் சொல்ல வேண்டும். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டாள். "ஆவுடையப்பன்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். படம் மறைந்து மறுபடி வந்தது. "ஆவுடையப்பன்." மறுபடி. மறுபடி. சொல்லிச் சொல்லி அவள் குரல் கடுமையாகிக்கொண்டே போனது. கண்ணை இமைக்காமல் படத்தைப் பார்த்தாள். டாக்டர் தன் திரையைப் பார்த்துப் பூரித்துப்போனார். "சூப்பர்ம்மா! இவ்வளவு ஆழமா எந்தச் சொல்லும் பதிஞ்சதே இல்லை!"

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது அக்கா என்னிடம் சொன்னாள்: "பேர் சொன்னா ஆயுசு குறையும்னாக. இம்புட்டுத் தடவை சொல்லியாச்சு. அவுக முன்னால பாரு, பால் குடிச்ச பூனை கணக்கா நிக்காக."

அந்த வாரம் முழுக்க அவர் பெயர் சொன்னார். போனை எடுத்தால் "ஆவுடையப்பன்". பால்காரரிடம் "ஆவுடையப்பன்". கண்ணாடி முன்னால் நின்று சொல்லி ஒருநாள் அழுதுவிட்டார். அன்று ஒருநாள் எனக்கும் அவர்மேல் இரக்கம் வந்தது.

குழுவில் மூன்று பேர். நடுவில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர். ஓரத்தில் லூர்துராஜ் வக்கீல். முன்பு நிறைந்த கோர்ட்டில் அவருடைய ஆங்கிலத்தைச் சீனியர் கேலி செய்து, அதன் பிறகு அவர் தமிழிலேயே வாதாடிக்கொண்டிருந்தார். அக்காவும் நானும் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கொடையாளி வந்தே ஆக வேண்டும் என்பது விதி.

முதல் கேள்விகள் நன்றாகப் போயின. பணிவாகவே பதில் சொன்னார். நீதிபதிக்கு அவரைப் பிடித்துவிட்டது போலிருந்தது. "சரி, உறுதிமொழி எடுத்துக்கிடலாமா?" என்றார்.

அப்போது லூர்துராஜ் குறுக்கிட்டார். "ஒரு சின்னச் சந்தேகம் அண்ணாச்சி. இப்ப பேசுதது நீங்களா, வீட்ல மதினியா? மதினிதான்னா ஒரு நாற்காலி போடச் சொல்லுதேன். பொம்பளைய நிக்க வச்சுப் பேசக்கூடாதுல்லா."

சீனியரின் கழுத்து நரம்பு புடைத்தது. அக்கா என் கையைப் பிடித்தாள்.

"லூர்துராஜ், போதும்" என்றார் நீதிபதி. "நீங்க சொல்லுங்க. நான், உங்க பெயர், அதிலிருந்து."

"நான்..." என்று ஆரம்பித்தார்.

"பெயர்?"

"கட்டையில போவான்."

டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் பழக்கத்தில் அதையும் அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

அவர் அதிர்ந்துபோய் வாயைத் துடைத்துக்கொண்டார். இன்னும் பலமாக முயன்றார். "நான், கட்டையில போவான்... கட்டையில போவான்! கட்டையில போவான்!" முயற்சி கூடக்கூடக் கோபம் கூடியது. கோபம் கூடக்கூட அது ஒன்றுதான் வந்தது. லூர்துராஜ் முதலில் சிரிக்கவில்லை. பிறகு எழுந்து வெளியே போனார். வராந்தாவிலிருந்து அவர் சிரிப்பது கேட்டது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, வருத்தத்தோடு, தகுதி இல்லை என்று எழுதச் சொன்னார்.

காரில் வண்ணாரப்பேட்டைப் பாலம் தாண்டும்போது சீனியர் திரும்பி அக்காவைப் பார்த்தார். என்ன இருந்தாலும் வக்கீல். யானை, அரிசி, கல், எல்லாவற்றையும் அந்தப் பார்வையில் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் முன்னறையில் கட்சிக்காரர் நாற்காலியைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார். நான் எழுந்தேன். "நீ இரு ஜெசிந்தா" என்றாள் அக்கா.

"நன்றி கெட்ட ஜென்மம்" என்று அவர் ஆரம்பித்தார். "திங்குத சோத்துக்கு..."

"திங்குத சோத்துக்கு உப்பு பாக்கத் தெரியும், ஆக்குன கையைப் பாக்கத் தெரியாது" என்று அக்கா முடித்தாள். "சொல்லுங்க. அடுத்தது."

அவர் திகைத்தார். "பெரிய மனுசன்னு நெனப்பு..."

"பெரிய மனுசன்னு நெனப்பு, பெத்த தாயைப் பாக்க விடாத பெரிய மனுசன். அது எங்க அம்மா போன அன்னைக்குச் சொன்னது. ஐஸ் பெட்டி பக்கத்துல உக்காந்து. ம், அடுத்தது."

அவர் எதை எடுத்து எறிந்தாலும் அது அவளுடையதாகவே இருந்தது. வாக்கியத்தின் முதல் சொல்லிலேயே அவள் கண்டுகொண்டாள். எந்த நாள், எந்த இடம் என்று சொல்லி முடித்து வைத்தாள். சொல்ல ஒன்றும் இல்லாமல் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில், அதைத்தான் கேட்க வேண்டும் என்று புரிந்து, மூச்சு வாங்கிக் கேட்டார்: "அந்தப் பேரு... எத்தன வருசமா?"

"வந்த மறுநாள்லருந்து." அக்கா நிதானமாகச் சொன்னாள். "பேர் சொல்லக் கூடாதுன்னுட்டாக. மனசுக்குள்ள கூப்பிட ஏதாவது வேணும்லா?"

எனக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று தெரியவில்லை.

அவள் வீட்டை விட்டுப் போகவில்லை. அவரையும் போகச் சொல்லவில்லை. வேளாவேளைக்குச் சோறு, மாத்திரை, குளிக்க வெந்நீர், எதிலும் குறை இல்லை. மாதம் பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "பாப்போம்" என்றாள். அது அவருடைய சொல். அவள் என்ன கேட்டாலும் அவர் அதைத்தான் சொல்லுவார். அடுத்த மாதமும் பாப்போம்.

பதியம் வாட ஆரம்பித்தது. கடைசியாக வந்த பெயர்தான் முதலில் உதிர்ந்தது. வாய்ப் பெயரும் போயிற்று, உள்ளே இருந்த பெயரும் போயிற்று. பிறகு ஊசிகள் போயின. பிறகு சாப்பாடு, தண்ணீர், வலி, வெயில் என்று ஒவ்வொரு சொல்லாக. அவர் ஆள் மாறவில்லை. எல்லாம் புரிந்துகொண்டு, எதுவும் சொல்ல முடியாமல், அந்தப் பழைய கண்ணோடு முன்னறை மூலையில் உட்கார்ந்திருந்தார். வாசலில் என் பெயர்ப் பலகையை மாட்டச் சொன்னது அக்காதான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

போன வாரம் காலையில் ஒரு மனுவைத் தயார் செய்து, தப்பு இருக்கிறதா என்று வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், இதுதான் கடைசி வாய்ப்பு. இந்த வாரம் அம்மா வந்து உட்கார்ந்தா காப்பாத்திடலாம். விட்டா மொத்தமாக் காஞ்சிடும். மறுபடி பதியம் போட முடியாது. சார்கிட்டயே கேளுங்க, அவருக்கு வேணுமா வேண்டாமான்னு."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவர் எதிரில் நின்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணுமா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் தலையை வேகமாக ஆட்டினார். மேலும் கீழும் ஆட்டினார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"தலையாட்டுதது ரெக்கார்டுல ஏறாது. வாயால சொல்லணும்."

அவர் உதடு துடித்தது. இல்லாத அந்த ஒரு சொல்லைத் தேடி வாய் திறந்து திறந்து மூடியது. அவள் அவசரப்படுத்தவில்லை. அவளிடமிருந்து வந்ததில், முப்பது வருஷமும் அவள் அதிகம் சொன்னது எதுவோ அது மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

"நீங்க சொன்னா சரி" என்றார்.

"ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல" என்றாள் அக்கா. "அப்ப போகவேண்டாம்."

போனில் டாக்டர், "மேடம்? மேடம், என்ன சொன்னார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"ஜெசிந்தா, நீ வாசி."

நான் போனை அணைத்துவிட்டு வாசித்தேன்.